கையளவு

கதவு போட வந்த சியாங் அடித்துச் சொன்னான்:
"அக்கா, இனி உங்கள் சோபாவில் மிளகாய் நெடி வந்தால்
என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்."
சதுர மீட்டர் அறுநூற்றெண்பது யுவான்.
எட்டு மில்லி கண்ணாடி, கறுப்புச் சட்டம்,
கீழே இரட்டைத் தண்டவாளம்.
லிஃப்டுக்குள் நுழையவில்லை.
பதினான்கு மாடியும் படியேற்றினார்கள் நான்கு பேர்,
மாடிக்கு மாடி இறக்கிவைத்து
அதிலேயே முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு.

கேட்டது நான்தான்.
செங்து நகரத்துக்காரன் என் கணவன் ரென்ஹாய்.
அவன் வாணலி வைத்தால் லிஃப்டில் வருகிறவனுக்கும் தெரியும்.
காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழும் நொடியில்
கணக்கு நோட்டோடு நான்,
வீட்டுப்பாடத்தோடு லிங்சி,
கரண்டியோடு அவன்,
மூவரும் ஒன்றாக இருமுவோம்.
திரைச்சீலை மஞ்சளாகிவிட்டது.
டயர் கடையில் பக்கத்து மேசைக்காரி
என் மழைக்கோட்டை மோந்துவிட்டு
"நேற்று மீன்தானே?" என்றாள்.
அன்று மாலையே சியாங்குக்குப் போன் செய்தேன்.

கதவு வந்தது.
கத்தி ஏறி இறங்குகிறது, சத்தமில்லை.
எண்ணெய் துள்ளுகிறது, சத்தமில்லை.
முதல் வாரம் லிங்சி நெற்றியை இடித்துக்கொண்டாள்.
அவள் கண்மட்டத்தில் இரண்டு மீன் ஸ்டிக்கர் ஒட்டினேன், ஆரஞ்சு நிறம்.
ரென்ஹாய் குனிந்து அடுப்பைக் குறைக்கும்போது
ஒரு மீன் அவன் காதுக்குள் போய்விடும்.

கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் எழுதுவான்.
எங்கள் எழுத்துகளில் சில
எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றே:
அரிசி. வாய். மலை.
அரிசி என்றால் சோறு ஆயிற்று.
வாய் என்றால் வந்து ருசி பார்.
மலை என்றால் ஒன்றுமில்லை, சும்மா.
மற்றதெல்லாம் எனக்குத் திரும்பித்தான் தெரியும்;
லிங்சிதான் படித்துச் சொல்வாள், அதுவும்
கூலியாக ஒரு வேர்க்கடலை கொடுத்தால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு
இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தான்.
நறுக்குவது நின்றது.
தலையை மட்டும் ஆட்டினான், நான்கைந்து முறை.
போனை அரிசி டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்தான்.
பிறகு எண்ணெய். பிறகு மிளகாய்,
வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக.
முழங்கையால் கண்ணைத் துடைத்தான்.
மறுபடி துடைத்தான்.

முன்பென்றால் நானும் இருமியிருப்பேன்.
என் கண்ணும் எரிந்திருக்கும்.
அவன் கண்ணில் வருவது எதுவென்று
என் கண்ணை வைத்தே தெரிந்துகொண்டிருப்பேன்.
இப்போது என் பக்கத்துக் காற்று சுத்தம்.
சோபா மணக்கவில்லை.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.
ஆவியில் எழுதினான்: மலை.
நடுக்கோடு சாய்ந்திருந்தது.

எழுந்து போய்க் கதவை இழுத்தேன்.
தண்டவாளத்தில் ஏதோ ஒரு மிளகின் ஓடு.
கையளவு திறந்து நின்றுவிட்டது.
அந்த இடுக்கு வழியாக வந்தது பார், புகை!
"அம்மா, மூடு!" லிங்சி கத்தினாள்.
மூடவும் வரவில்லை.
"என்ன?" என்றேன்.
"மிளகாய்" என்றான்.
அதற்குள் எனக்கும் கொட்ட ஆரம்பித்துவிட்டது,
அவனுக்காகவா மிளகாய்க்காகவா, யார் கண்டார்.
இடுக்கு வழியாகக் கரண்டியை நீட்டினான்.
"உப்பு?"
"சரியாக இருக்கிறது" என்றேன்.
அதிகம்தான்.

மாதக் கடைசியில் சியாங் போன் செய்தான்.
"கதவு எப்படி அக்கா? புகை வருகிறதா?"
"வருகிறது."
"எவ்வளவு?"
"கையளவு."
"நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், தண்டவாளத்தைத் துடைத்தால் போதும்."
கண்ணாடிக்கு அப்பால் ரென்ஹாய் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.
மீன் அவன் காதில் பாதி.
"நாளைக்கு வேண்டாம்" என்றேன்.
"வேறு என்றைக்கு?"
பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.