நீர்த்தோல்

மேலே அன்னாசித் தோட்டம், கீழே ஊர்,
நடுவில் ஒட்டுத்துணி அளவுக்குக் காடு.
அதற்குள் முழங்கால் ஆழத்தில் ஓர் ஓடை.
இருநூற்றுப் பதினான்கு வீட்டுக் குழாய்களும்
நான் திருகும் இந்த ஒற்றை வால்வில் தொடங்குகின்றன.
ஐந்தரைக்கு வருவேன்.
சல்லடையில் அப்பிய இலைகளை அள்ளி எறிவேன்.
குளோரின் மாத்திரைகளை எண்ணிப் போடுவேன்.
பிறகு ஒரு சிகரெட் நேரம் எனக்கே எனக்கு.

அப்படியொரு சிகரெட்டில்தான் அதைப் பார்த்தேன்.
கடுகில் பாதி.
கரைக்குக் கரை ஒரு நூல் இழுத்து
அதிலிருந்து இறங்கி, இன்னும் இறங்கி
ஓடுகிற தண்ணீரின் மேலேயே
நுனியை ஒட்டி வைத்துவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் ஏறிப் போனது.

கல்லில் கட்டலாம். வேரில் கட்டலாம்.
போய்க்கொண்டே இருக்கும் ஒன்றில்
யாராவது கட்டுவார்களா?
நுனி வழுக்குகிறது,
நாய் இழுத்த கயிறுபோல் ஒரு சாண் போகிறது,
மனம் மாறித் திரும்புகிறது.
நீர்மேல் நடக்கும் பூச்சி ஒன்று
அதில் தோள் இடித்து நின்றுவிடுகிறது.

போன மார்ச்சில் சான் ஹோசேயிலிருந்து
யாமிலெத் என்ற மாணவி வந்தாள்.
உள்ளங்கையில் சோளமாவை வைத்து ஊதினாள்:
இல்லாததெல்லாம் வெள்ளையாய் வந்து நின்றது,
ஓடை நெடுகத் தொங்கும் நூல் நூலாக.
‘வெண்டில்கார்டா’ என்றாள்.
வாடகைக்குக் கதவைத் தட்டும்
வீட்டுக்காரியின் பெயர்போல் இருக்கிறதே என்றேன்.
நீருக்குத் தோல் உண்டாம்.
அந்தத் தோலைத்தான் அது பிடிக்கிறதாம்.
முப்பத்தொரு வருடமாகத் தண்ணீரோடு கிடக்கிறேன்,
தோலைப் பற்றி
எந்தப் பொறியாளரும் வாய் திறந்ததில்லை.

இந்தச் சனிக்கிழமை
அது இறங்கி வந்து நுனியை வைத்தது.
நிற்கவில்லை.
ஏறி, இறங்கி, மறுபடி வைத்தது.
நிற்கவில்லை.
ஏழுவரை எண்ணினேன்.
சிகரெட் விரலைச் சுட்டது.
அடுத்த நூலும் அப்படியே, அதற்கடுத்ததும்;
கரை நெடுகப் பிடி கிடைக்காத நுனிகள்
காற்றில் சுருண்டு கொண்டிருந்தன.
தண்ணீர் கண்ணாடியாய்த்தான் இருந்தது.
மோந்தேன். தண்ணீர் வாசனை.

வால்வை மூடினேன்.

ஏழரைக்குத் தலைவர் எர்மோகெனெஸ் கூப்பிட்டார்.
ஃப்ளோரிபெத் வீட்டில் மகளுக்குப் பதினைந்து நிறைகிற விருந்து,
நூற்றிருபது பேர், அண்டாவில் பாதி களைந்த அரிசி.
‘ஆதாரம் என்ன, ஓல்டெமர்?’
சிலந்தி, என்றேன்.
அந்தப் பக்கம் நிசப்தம்.
பிறகு அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மதியம் மேலே ஏறிப் போனேன்.
தோட்டத்து வேலியோரம் லாரி நின்ற தடம்.
கல்லிடுக்கில் கட்டைவிரல் அகலத்துக்கு நுரை.
தெளிப்பான் தொட்டியைக் கழுவியவன் நிகரகுவாக்காரன்,
‘சோப்புதான், மருந்து இலையில் ஒட்டுவதற்குப் போடுவது’ என்றான்,
தன் ரப்பர் காலணிகளைப் பார்த்தபடி.
அவன் பிள்ளைகளும் என் குழாயில்தான் குடிக்கிறார்கள்.
இரண்டு பேருக்கும் அது தெரியும்.
இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்க மழை.
ஃப்ளோரிபெத் ஓட்டுத் தண்ணீரில் பாத்திரம் துலக்கினாள்,
ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என் பெயரைச் சொல்லி.
திங்கள் காலை ஓடை கொஞ்சம் கலங்கல்.
கடுகில் பாதி இறங்கி வந்தது.
வைத்தது.
நூல் ஒரு சாண் போய், நின்று,
திரும்பியது.
இன்னொரு நூல் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது. திறந்தேன்.
கீழே இருநூற்றுப் பதினான்கு குழாய்களும்
முதலில் இருமியிருக்கும்.

மாதிரி பிடித்த புட்டி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது.
மூன்று வாரம் ஆகுமாம்.
அளவுக்குள் இருக்கிறது என்றே வரலாம்;
வந்தால் ஊர் எனக்கொரு பெயர் வைக்கும்,
வைத்தாயிற்று என்கிறான் என் மைத்துனன்.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
மூடியதற்கான காரணம்.
வெள்ளம், குழாய் உடைப்பு, நிலநடுக்கம்
என்று என் கையெழுத்திலேயே பழைய வரிகள்.
அவற்றின் கீழே எழுதினேன்:
நூல் ஒட்டவில்லை.
பேனா மை ஈரத்தில் கொஞ்சம் பரவியது.
அடித்துத் திருத்தவில்லை.