பதினாலு நாள்

பதினேழாம் தவணை கட்டவில்லையாம்.
ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது.
வட்டிக்கு வட்டியோடு ஒன்பதுக்கு மேலே என்று
போனைத் தடவித் தடவிச் சொல்கிறான்
ஹெல்மெற் கழற்றாத பெடியன்.

கட்டினேன் தம்பி.
பாசையூர்ச் சந்தையில், கார்த்திகை மழைக்குள்,
விளைமீன் வெட்டின கையோடு எண்ணித் தந்தேன்.
முந்தி வந்த றொஷாந்தன்
நனையாமல் சேட்டுக்குள் வைத்துத்தான்
மெசினை அமத்தினவர்.
கிர் கிர் என்று துண்டு வந்தது.

"அவர் இப்ப ருமேனியாவிலை, அக்கா.
துண்டைக் காட்டுங்கோ."

பைபிளுக்குள் இருந்து எடுத்தேன்.
வெள்ளை.
என் பெயரும் இல்லை, தொகையும் இல்லை.
எட்டு மாதத்தில் எழுத்தெல்லாம்
ஆவியாய்ப் போயிருக்கிறது.
மூலையில் மட்டும் ஒரு செதில்,
ஒட்டினபடி, இன்னும் மினுங்கிக்கொண்டு.

இதுதான் துண்டு என்றேன்.
இது வெறும் பேப்பர் என்றான்.
உங்கட மெசின் தந்த பேப்பர் என்றேன்.
வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்,
திருப்பிப் பார்த்தான்,
மணந்தும் பார்த்தான், பாவம்.

பிறகு அந்தக் கதை:
ஆட்சேபனை இருந்தால்
பதினாலு நாளுக்குள் எழுத்தில் தந்திருக்க வேணும்.
கடிதம் போட்டது. நாள் முடிஞ்சுது.
பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாய்த்தான் கணக்கு.

கடிதம் வந்தது, உண்மை.
இங்கிலீசில் வந்தது.
பங்குச் சுவாமி கொழும்பால் திரும்பி
வாசித்துச் சொல்லேக்கை இருபதாம் நாள்.
நான் வாய் திறக்காத கிழமைகளில்
கடன் பிறந்து, பெயர் வைத்து, தவழ்ந்தும் விட்டது.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்று
என் கலியாணப் பேச்சிலும் சொன்னவை.
அந்தக் கணக்கையே
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குரலை இறக்கினான்:
"நீங்கள் கட்டாட்டி
என்ர சம்பளத்திலை வெட்டுவாங்கள் அக்கா."
தண்ணி வைத்தேன்.
காசு வைக்கவில்லை.

அவங்கட கடிதத்தின் முதுகில்
மகளின் பென்சிலால் எழுதினேன்:
கட்டினதைக் கட்டவில்லை என்கிறீர்கள்.
எப்படி என்று எழுத்தில் அறியத் தரவும்.
பதினாலு நாளுக்குள்.
தமிழில்.
பேசாமல் இருந்தால் கட்டினதாய்த்தான் கணக்கு.
இப்படிக்கு, மரியான் எமல்டா.

வாங்கினதுக்கு ஒப்பம் கேட்டேன்.
போடமாட்டானாம்.
படம் மட்டும் எடுத்தான்,
வெள்ளைத் துண்டையும் வைத்து,
செதில் தெரியக் கிட்டப் பிடித்து.

போகேக்கை கேற்றைச் சாத்தச் சொன்னேன்.
சாத்தவில்லை.
நாளைக்கும் வருவான் போல.