நள்ளிரவுத் தள்ளுபடி

இன்று நள்ளிரவோடு முடிகிறதாம் தள்ளுபடி.
நேற்றும் இப்படித்தான் முடிந்தது.

கோரிப்பாளையம், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
கடைசி பேட்ச் போனபின்
ஃபேனை நிறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
நூற்றிருபது மணி நேரம் என்றால் பதினோராயிரம்.
நூற்றறுபத்தெட்டு என்றால் இருபத்தாறு,
அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்கள் முன்னால்.
ஒன்பது வருஷமாய் இந்த பெஞ்சுகளில் இருந்ததெல்லாம்
யாராம்?

தாய்மொழி ஆங்கிலமா என்கிறது படிவம்.
இல்லை என்று தொட்டதும்
இன்னொரு தேர்வு திறக்கிறது,
தனிக் கட்டணத்தோடு.

ஹனோயிலிருந்து ஜெபக்கனி குரல் அனுப்பியிருக்கிறாள்:
"சர்டிஃபிகேட்ட யாருடீ பாத்தா,
பாஸ்போர்ட்டு நெறத்தத்தான் பாத்தாங்ய.
இருந்தாலும் வாங்கிரு.
ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்து வையி."

இலவச மாதிரிப் பாடத்தில் ஒரு கேள்வி.
ஹேஸ் பீன், ஹேஸ் கான்:
வித்தியாசத்தைச் சுருக்கமாக விளக்குக.
போய்த் திரும்பி வந்துவிட்டாள் என்றால் முதலாவது,
போனவள் இன்னும் வரவில்லை என்றால் அடுத்தது
என்று எழுதினேன்.
பச்சை டிக். முழு மதிப்பெண்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.
செல்லூரில் யாராவது கேட்டால்
அம்மா அதைத்தான் சொல்வாள்:
போயிருக்கா.
எந்த அர்த்தத்தில் என்று
ஒருத்தரும் கேட்கப் போவதில்லை.

சின்னதையே தேர்ந்தெடுத்தேன்.
கார்டின் பின்பக்க மூன்று எண்ணையும்
காலி பெஞ்சுகளுக்கு மறைத்துத் தட்டினேன்.
ஓடிபி அண்ணன் நம்பருக்குப் போகும்,
அதை மறந்தே போனேன்.
இந்நேரம் அங்கே ஒலித்திருக்கும்,
சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்.

இருபது விநாடி பாக்கி.
நானே கூப்பிடுகிறேன்.
"அண்ணே, ஆறு நம்பர் வந்திருக்கும்.
ஒவ்வொண்ணா வாசி."