விடுபட்ட சொல்

யெவ்லாம்பிக்கு எழுதத் தெரியாது.
கடவுளுக்கும் தெரியாது போல.
அதனால் இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள்,
தோம்ஸ்க் நகரில் கணக்கெழுதியவனுக்கு
மகளாய்ப் பிறந்த குற்றத்துக்காக.

மீன் பிடிக்கப் போனவர் பனித்துளைக்குள் விழுந்தார்.
ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம்
யெனிசேயின் அடியில் கிடந்து எழுந்தபோது
தெரிந்துகொண்டு வந்திருந்தார்:
இதுவரை வந்த வேதமெல்லாம் அரைகுறையாகக் காதில் விழுந்தவை.
முழுதும் விழுந்த ஒரே காது தன்னுடையது.
இடது காது.
வலதில் சீழ்.

"வருகிறது" என்பார்.
உறைந்த மசிப்புட்டியை அக்குளில் இடுக்கி
உருக்கிக்கொண்டு ஓடுவேன்.
அந்தக் குரலும் அவரைப் போலவே
வாக்கியத்தின் நடுவில் இருமும்.
அதற்கும் முட்டைகோஸ் பிடிக்காது.
மாவாலைக்காரன் சோசோந்த் மேல்
அதற்கும் ஒரு பழைய வருத்தம்.
நான் எழுதினேன்.
கேட்பது என் வேலையில்லை.

ஆறாம் வருஷம், பிப்ரவரியில் குரல் சொன்னது:
இலை உதிருமுன் உலகம் முடியும்,
விதைக்காதீர்கள், விதையைத் தின்னுங்கள்.
நாற்பத்தொரு வீடும் தின்றது.
அடுப்புகள் மணத்தன.
பிள்ளைகளின் கன்னம் உப்பியதைப் பார்த்துத்
தாய்மார் அழுதார்கள், மகிழ்ச்சியிலா என்று
நான் கேட்கவில்லை.

பிறகு அவருக்கு ஜுரம். பதினோரு நாள்.
பேச்சில்லை, குரலில்லை.
பொதுக் களஞ்சியத்தில் ரை தானியப் பெட்டிக்குள் கைவிட்டேன்.
முழங்கை நனைவதற்குள்
விரலில் பலகை தட்டுப்பட்டது.

அன்றிரவு, கொழுப்பு விளக்கின் புகையில், எழுதினேன்:
*கெடு தள்ளிப்போயிற்று. மீதி ரையை விதையுங்கள்.*
கை நடுங்கியிருக்க வேண்டும்.
நடுங்கவில்லை.
எங்கே இருமல் வரும் என்பதுகூட
எனக்கு மனப்பாடம்.

ஞாயிறன்று தலையணை முட்டுக்கொடுத்து
அவரைச் சாய்த்து வைத்தார்கள்.
ஆட்டுத்தோல் அங்கிகளில் ஆவி பறக்க
ஊரே நின்றது.
படித்தேன்.
அவர் கண் மூடியிருந்தது.
திருடி என்பார், காட்டுக்குள் துரத்துங்கள் என்பார் என்று
உள்ளங்காலில் பனியை முன்கூட்டியே உணர்ந்தேன்.

இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது.
"ஆம். இதைத்தான் கேட்டேன்.
பதினோரு நாளும் இதையேதான்."
பிறகு என்னைப் பார்த்தார்.
"ஒரு சொல்லை விட்டுவிட்டாய், கிளிக்கேரியா.
பார்லி.
ரையும் பார்லியும்."

வரிக்கு மேலே, இண்டில்,
பார்லியைச் செருகினேன்.
வெளியே போய் விறகடுக்கின் பின்னால் நின்று
கம்பளிக் கையுறையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.
இந்தத் திருடனை எனக்குப் பிடித்துப்போனது
அன்றைக்குத்தான்.

கோடை முழுக்க மழை.
ரைக் கதிர் ஒவ்வொன்றிலும்
நகம் போல் கரும்பூஞ்சை முளைத்தது.
அக்கரையில் அதை அரைத்துத் தின்ற வீடுகளில்
பிள்ளைகள் வலிப்பு வந்து வளைந்தார்கள்.
நாங்கள் அறுத்து எரித்தோம்.
மேட்டுச் சரிவில், யாரும் நம்பி விதைக்காத இடத்தில்,
குட்டையாய், பிந்தி, பார்லி நின்றது.

யெவ்லாம்பி அடுத்த ஈஸ்டருக்கு முன் போய்விட்டார்.
முந்நூறு தாள் இருக்கிறது என்னிடம்.
பொய்யென்று எனக்கு உறுதியாய்த் தெரிந்தது
அந்த ஒரு தாள்தான்.
அதை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.
என் சொற்கள் நேராய், அழகாய், வரிசையில் நிற்கின்றன.
மேலே, இடம் போதாமல் சாய்ந்து
ஒற்றையாய் ஒன்று.

மார்ச் வரை
அதைத்தான் தின்றோம்.