இரண்டு 'அனுப்பியவை'

சனிக்கிழமை இரவு பழைய அஞ்சல் மென்பொருளை நிறுத்தினேன்.
புதியது முதல் தட்டிலேயே எழுந்துகொண்டது.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கடிதங்கள்.
ஒன்றும் குறையவில்லை, எண்ணிவிட்டுத்தான் படுத்தேன்.

திங்கள் காலை ஏழேகால்.
ஸ்கார்ஃபவிக் துறைமுக அலுவலகத்திலிருந்து ஸ்வான்ஃப்ரீதுர்:
"பதின்மூன்று வருடத்தில்
நான் ஒருத்தருக்கும் பதில் போட்டதில்லையாம்.
உன் மெஷின் சொல்கிறது."

இரண்டு சுரங்கப்பாதை, ஒரு கணவாய்.
போய்ப் பார்த்தால்
பட்டியலில் 'அனுப்பியவை' இரண்டு.
ஒன்று காலி, முந்தாநாள் பிறந்தது.
மற்றது
'உள்பெட்டி' என்ற சொல்லுக்கும் ஒரு புள்ளிக்கும் பின்னால்
எல்லாக் கடிதத்தோடும் உட்கார்ந்திருந்தது.

பழைய மென்பொருளில்
எல்லாப் பெட்டியும் உள்பெட்டியின் பிள்ளைகள்.
புதியதில் எல்லாம் தனிக்குடித்தனம்.
இடையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
அந்தப் புள்ளியை விளக்க அரை மணி நேரமும்
இரண்டு கோப்பைக் கறுப்புக் காப்பியும் ஆனது.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தேன்.
அனுப்பியவை எங்கே, வரைவுகள் எங்கே,
குப்பை எங்கே, வேண்டாதவை எங்கே.
நான்கு கேள்வி. நான்கிலும் 'ஏதுமில்லை'.

"குப்பை எது என்று சொல்லாதவரை
இது எதையும் அழிக்க விடாது" என்றேன்.
"என் மாமியார் வீடு மாதிரி" என்றாள்.

பிறகு அந்தப் பெட்டி.
ஒரு & குறி, மூன்று எழுத்து, ஒரு சிறுகோடு,
அப்புறம் பாதிச் சொல்.
தோர்ன் எழுத்தை விழுங்கத் தெரியாமல்
துப்பி வைத்திருந்தது மென்பொருள்.
எழுத்துருமாற்றத்தைத் திருத்தினேன்,
சொல் முழுசாக எழுந்தது:
'மூட்டம்.'
பக்கத்தில் தடித்த எழுத்தில் 211.

அவள் காப்பியைக் கீழே வைத்தாள்.
"அதை நான் மறைத்துவைத்திருந்தேனே."

மறைத்தவை பற்றிய குறிப்பு
பழைய மென்பொருளோடு போய்விட்டது.
டிக் எடுத்த பெட்டியெல்லாம்
மறுபடி வாசலில் நிற்கிறது.

மேட்டு மஞ்சள் வீட்டு பெர்க்ஸ்வெய்ன்.
துறைமுகத்துப் பனிச்சங்கைப் பற்றி வாராவாரம் புகார்:
நேற்றிரவு பதினேழு முறை, எண்ணினேன்.
நேற்றிரவு இருபத்திரண்டு.
பதில் போட்டுப் போட்டு அலுத்துப்போய்
ஒரு நாள் வடிகட்டி போட்டாள்:
அவன் பெயர் வந்தால் நேராக மூட்டத்துக்குள்.

"ஆனால் சங்கைக் கழற்றியே மூன்று வருடம் ஆகிறதே" என்றாள்.
"இன்னும் எதற்கு ஊதுகிறான் இவன்?"

கடைசிக் கடிதத்தைத் திறந்தோம்.

இன்றும் ஊதவில்லை. விடியும்வரை விழித்திருந்தேன்.
மூட்டம் என் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறது.
அதற்கு யாராவது ஏதாவது சொல்லக் கூடாதா?

அதற்கு முந்தையது: இன்றும் ஊதவில்லை.
அதற்கு முந்தையதும்.

அலுவலகத்தின் ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது.
எனக்கு வேறு பேச்சு வரவில்லை.
"ஒரு சோதனைக் கடிதம் அனுப்ப வேண்டும்,
எந்த 'அனுப்பியவை'யில் விழுகிறதென்று பார்க்க" என்றேன்.
வழக்கமாக நமக்கே அனுப்பிக்கொள்வது.
பொருள்: சோதனை. உள்ளே: சோதனை.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
இரண்டு விரலால் தட்டினாள், நெடுநேரம்.
திரையை என் பக்கம் திருப்பவில்லை.
நான் ஜன்னல் வழியே
ஐஸ் ஏற்றும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விழுந்தது" என்றாள்.
பழைய பெட்டியில், பதின்மூன்று வருடத்துக்கு மேலே,
சரியான இடத்தில்.

காலிப் பெட்டியை அழித்தேன். அழிந்தது.
'மூட்ட'த்தின் டிக்கை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.
ஃபோன் அடித்தது, எடுக்கப் போனாள்.

ரசீதில் எழுதியது:
கோப்புறை அமைப்பு, ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது சுரங்கத்துக்குள்தான் நினைவு வந்தது.
நாலாவது கேள்வியை நிரப்பாமலே வந்துவிட்டேன்.
வேண்டாதவை எங்கே?
ஏதுமில்லை.