இடது பின்பாக்கெட்

வருடத்தில் இரண்டு முறை
ப்ளூம்ஃபொன்டெயினிலிருந்து காரோட்டி வந்து
பாலத்தில் முத்திரை வாங்கி
மசேருவுக்குள் நுழைவேன்,
மடியில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளோடு.

கதவுகள் வெளிப்புறம் திறக்கின்றனவா? ஆம்.
குடிநீர் உண்டா? ஆம்.
குழாயடியில் சிமென்ட் இன்னும் காயவில்லை.
அதற்குக் கட்டமில்லை என் தாளில்.

நான் போட்டிருந்த ஜீன்ஸும்
அந்தக் கூரையின்கீழ்ப் பிறந்ததுதான்.
பச்சை இலை அச்சிட்ட அட்டை தொங்கியது,
அறுபது ராண்ட் கூடுதலாகக் கொடுத்தேன்,
மனம் லேசாக வீடு திரும்பினேன்.
அந்த இலைக்குச் சான்றெழுதியவனும் நானே.

ஏழாம் வரிசையிலிருந்து மாலினேயோ வந்தாள்.
லினேயோவின் தாய் என்று பொருள்.
பிள்ளை பிறக்கும் முன்பே
கணவன் வீட்டார் வைத்துவிட்ட பெயர்.
ஜூலைக் குளிர். கம்பளியைத் தோளில் குத்தியிருந்தாள்.
மேலாளர் அறையில் பிஸ்கட் தட்டு.
டெபோஹோ மொழிபெயர்த்து முடிப்பதற்குள்
ஆம், ஆம், ஆம் என்றாள்
பாடம் ஒப்பிக்கும் வேகத்தில்.

கடைசியில் தாளில் இல்லாததைக் கேட்டேன்:
ஏதாவது சொல்ல வேண்டுமா?

எழுந்து திரும்பி நிற்கச் சொன்னாள்.

நின்றேன்.

இடது பின்பாக்கெட், மேல்மூலை, நூல் தளர்ந்திருக்கிறது.
என் மெஷின்தான்.
எண்ணெய் ஒழுகிய வாரம், மார்ச்சில்.

நல்ல மனிதனல்லவா நான், உடனே சொன்னேன்:
கம்பெனிக்கு எழுதுகிறேன், மாற்றித் தருவார்கள்.

அப்போதுதான் முதன்முறையாக ஒரு ‘இல்லை’.
எழுதாதீர்கள்.
ஒரு புகார் வந்தால்
வரிசை முழுவதற்கும் அந்த மாத ஊக்கத்தொகை போகும்.
முப்பத்திரண்டு பேர்.

அப்படியென்றால் வாங்காமல் இருக்கட்டுமா?

டெபோஹோ என்னைப் பார்த்தான்,
இதையும் பெயர்க்க வேண்டுமா என்பதுபோல.
பெயர்த்தான். அவள் சிரித்தாள்.
எங்கோ ஒரு தேசத்தில் ஒருமுறை
நல்லவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள்.
கேட்டுக்கு வெளியே நானூறு பேர் நின்றோம்.
ஆலுவும் முட்டைக்கோஸும் கடன் சொல்லி வாங்கினோம்.
நல்லவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேறென்ன செய்யச் சொல்கிறாய் என்று
கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.
பதில் இருந்துவிடுமோ என்ற பயம்.

கம்பளியின் ஓரமடிப்பிலிருந்து
ஓர் ஊசியை உருவினாள்.
எண்ணப்படாத ஊசி தளத்தில் இருக்கக் கூடாது,
கேள்வி நாற்பத்தொன்று.
நான் சுவரைப் பார்த்து நின்றதால்
பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
சுவரில் காலண்டர், அதில் பனி மூடிய மலுட்டி மலை,
என் முதுகுக்குப் பின்னால்
நீல நூல் ஆறு முறை போய் வந்தது.
ஒருமுறைகூட என்னைத் தைக்கவில்லை.
தைத்திருக்கலாம்.

பல்லால் நூலைக் கடித்தறுத்துவிட்டு
வேகமாகப் போனாள்.
சாப்பாட்டு நேரத்தில் மிச்சமிருந்தது
பதினோரு நிமிடம்.

கேள்வி அறுபத்தேழு:
ஊதியமின்றி வேலை வாங்கப்படுகிறதா?
இல்லை என்று காலையிலேயே
மையால் எழுதி வைத்திருந்தேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால்
சாயக்கால்வாய் நீலமாக ஓடுகிறது,
என் துணி முதல் சலவையில் விட்ட அதே நீலம்.
அதன் கரையில் காரை நிறுத்தி
‘இல்லை’யை அடித்தேன்.
ஆம் எனில் வேலை வாங்கியவர் பெயர்,
கேட்கிறது அடுத்த கட்டம்.
என் பெயரை எழுதினேன்.
யாருக்கு என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து அஞ்சல்:
அறுபத்தேழில் எழுத்துப் பிழை போலிருக்கிறது,
திருத்தி அனுப்பவும்.
இலையைப் புதுப்பிக்கக் கெடு வெள்ளிக்கிழமை.

இன்று வியாழன்.
திரையில் கட்டம் திறந்தபடி இருக்கிறது,
நான் உட்கார்ந்தபடி இருக்கிறேன்
அந்த ஆறு தையலின் மேல்.
நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.