மூன்று முறை செத்தவள்

கிளாஸ்கோ நகரச் சதுக்கத்தைச்
சில கோடைகளில் அமெரிக்காவாக்கிவிடுவார்கள்.
மஞ்சள் டாக்சிகள் வரும். தெருப்பலகைகள் பெயர் மாறும்.
மழையை மட்டும் மாற்ற முடிவதில்லை.

மற்ற நாளெல்லாம் பல் மருத்துவமனையில்
வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருப்பவள் நான்.
படப்பிடிப்பு நாளில் தொண்ணூறு பவுண்டுக்குச் சாகிறவள்.
மூன்று வில்லன்கள் இதுவரை என்னைக் கொன்றிருக்கிறார்கள்.
அதில் யார் பெரியவன் என்று
பப்பில் மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறவர்களே,
ஒரு நிமிஷம்.
செத்தவளைக் கேளுங்கள்.

முதலாமவன் சாம்பல் கோமான்.
நடித்தவர் ஹால்வர், பெர்கன் துறைமுகத்துக்காரர்.
அவர் கர்ஜித்தால்
எதிர்வரிசை வங்கிக் கண்ணாடி நிஜமாகவே அதிரும்.
முதல் டேக்கில் காதைப் பொத்திக்கொண்டேன்.
ஐந்தாவதில் பழகிவிட்டது.
பதினொன்றாவதில்,
ஃப்ரிட்ஜில் ராத்திரிக்கு என்ன மிச்சமிருக்கிறது
என்று யோசித்தபடி செத்தேன்.
கட் சொன்னதும் தன் மேலங்கியைக் கழற்றி
(பதினேழு கிலோ, போலி நரித்தோல்)
குளிரில் விறைத்துக் கிடந்த பிணங்கள் நால்வர்மேல் போர்த்தினார்.
தொண்டை மிட்டாயைச் சப்பிக்கொண்டே
"ரொம்பக் கத்திவிட்டேனோ?" என்றார்.
திரையரங்கில் ஜனம் கைதட்டியது.
நானும் தட்டினேன்,
தூரத்து இடிக்குத் தட்டுவதுபோல.

இரண்டாமவன் அளவைக்காரன்.
கையில் ஒரு தையல் நாடா, ஆயுதம் அவ்வளவுதான்.
நடித்தவர் கெரைன்ட்.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாலும்
இறங்கியபின் முகம் நினைவில் நிற்காத ஆள்.
தேநீர் வரிசையில் என் பெயரைக் கேட்டார்.
எஃபி என்றேன்.
நல்ல பெயர் என்று சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார்.

அந்தக் காட்சியில் அவருக்கு வசனமே கிடையாது.
நாடாவை என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிடித்தார்.
நகத்தால் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டார்.
பிறகு,
கடைசி ரயிலைத் தவறவிட்டவளுக்கு
ஆறுதல் சொல்வதுபோல,
"எஃபி" என்றார்.

உயிர் போய்த் திரும்பி வந்த நேரம்
அந்த டேக்கில் நொடிக்கணக்கோடு பதிவாகியிருக்கும்.
படத்தில் இல்லை. வெட்டிவிட்டார்கள்.
என் காது மட்டும் இருக்கிறது, அரை நொடி,
ஓரத்தில், சிவந்து.

மூன்றாமவன் விழுங்கி.
எண்பது பல், மூன்று நிழல்,
பேருந்துகளின் முதுகெல்லாம் அவன் போஸ்டர்.
நான் பார்த்ததோ
ஒரு கம்பு நுனியில் டென்னிஸ் பந்து.
தூக்கிப் பிடித்தவன் டூகல், பைஸ்லிப் பையன்,
கைவலியில் பந்து ஆடிக்கொண்டே இருந்தது.
அதைப் பார்த்து அலறு என்றார்கள். அலறினேன்.
முகம் எட்டு மாதம் கழித்து
வேறு கண்டத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

சிரிக்காதீர்கள்.
தன் கோளையே விழுங்கிய கதையை அவன் சொல்கையில்
வாயோரம் ஒரு துடிப்பு வரும், பார்த்தீர்களா?
அது கணினி போட்டதல்ல.
உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு
எவனோ ஒருவன் வெற்று அறையில் துடித்திருக்கிறான்.
அவனுக்கும் கம்பில் ஒரு பந்தைக் காட்டியிருப்பார்கள்.
அந்தப் பந்து
நானாக இருந்திருக்கலாம்.

சரி, யார் பெரியவன்?
தெரியவில்லை. தராசு என்னிடம் இல்லை.
போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.
கடைவாய்ப் பல் பிடுங்க வந்த அபெர்னெதி
மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.
வழக்கமாக நீட்டி முழக்கிக் கூப்பிடுவேன்.
அன்று என்னவோ, தொண்டை கட்டியிருந்தது,
"ரோரி" என்றேன், மெதுவாக.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு
எழுந்தார், வெளிறிப்போய்.
தைரியமாக இருக்கட்டுமே என்று சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது.